கோப்பை வென்ற கையோடு மூடப்படும் அணிகள்: ஆல்பனி அரீனா ஃபுட்பால் கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனி. அங்கே ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்குக்குள் பச்சைக் கம்பளம் விரித்து அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுவார்கள். 1999, 2019, 2021, 2022, 2025 என்று ஐந்து கோப்பைகள் இந்த ஊருக்கு வந்திருக்கின்றன. முதல் நான்கு கோப்பைகளில் மூன்று முறை, வென்ற அணி அடுத்த சீசனைத் தாண்டவில்லை. 2018 முதல் இந்த ஊர் ஆட்டங்களைப் பார்த்து வருகிறேன், பழைய கதைகளையும் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கேட்கிறோம் என்றீர்கள், கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓசூரான்: முதலில் இது என்ன ஆட்டம்? கால்பந்தா, ரக்பியா?

இரண்டும் இல்லை. ஹெல்மெட், தோள்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பாலின் உள்ளரங்க வடிவம். பெரிய மைதானம் 100 யார்டு நீளம், 160 அடி அகலம். அரீனாவில் 50 யார்டு நீளம், 85 அடி அகலம்தான். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேருக்குப் பதில் எட்டுப் பேர். ஹாக்கி அரங்கின் சுற்றுச்சுவருக்கு மெத்தை கட்டிவிடுவார்கள், அதுதான் எல்லைக்கோடு. ஓடிவரும் ஆள் அதில் மோதி, சில சமயம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் மடியிலேயே வந்து விழுவார்.

கோல் கம்பங்களின் இடைவெளி 9 அடி, பெரிய மைதானத்தில் இருப்பதில் பாதி. அதன் இரு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு இறுக்கமான வலை. பந்து வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது. பிடித்தவன் ஓடலாம். பந்தை உதைத்து எதிராளியிடம் கொடுக்கும் 'பன்ட்' என்ற வேலையே கிடையாது. அதனால்தான் ஒரு பக்கம் 60, இன்னொரு பக்கம் 50 என்று புள்ளிகள் ஏறிக்கொண்டே போகும். பார்வையாளர் பக்கம் பறந்துவரும் பந்தை எடுத்தவரே வைத்துக்கொள்ளலாம். என் மகனுக்கு ஏழு வயதில் அப்படி ஒரு பந்து கிடைத்தது. இன்னும் அவன் அறையில் இருக்கிறது.

கோவை வாசகி: இதை யார் கண்டுபிடித்தது சார்?

ஜிம் ஃபாஸ்டர். 1981-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையிலிருந்த காகித உறையின் மேலேயே மைதானத்தை வரைந்துவிட்டார். 1986-ல் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் ஒரு சோதனை ஆட்டம். 1987-ல் சிகாகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன் என்று நான்கே அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக், அதாவது ஏ.எஃப்.எல்., தொடங்கியது. அந்த வலைக்கு அவர் காப்புரிமை வாங்கினார். அது 2007 வரை இருந்தது. வேறு லீக்குகள் வலையில்லாமல் ஆடக் கற்றுக்கொண்டது அதனால்தான். இன்றைய இண்டோர் ஃபுட்பால் லீக்கில் இன்னமும் வலை இல்லை.

டல்லாஸ் தம்பி: அண்ணா, ஃபயர்பேர்ட்ஸ், காங்க்வெஸ்ட், எம்பயர், மறுபடி ஃபயர்பேர்ட்ஸ். இதெல்லாம் ஒரே அணியா? தலை சுற்றுகிறது.

நல்ல கேள்வி தம்பி. இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

1990-ல் ஆல்பனியில் புது அரங்கம் திறந்தார்கள், நிக்கர்பாக்கர் அரீனா என்ற பெயரில். அதே ஆண்டு ஃபயர்பேர்ட்ஸ் அணி வந்தது. 1994 முதல் அங்கே ஆடிய எடி பிரவுன் என்ற ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடித்து ஓடுபவர்) மூன்று முறை லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். 2006-ல் லீக் தன் இருபதாண்டு வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் அவருக்குத்தான். ஊரே அவரை 'டச்டவுன் எடி' என்று கூப்பிடும். பந்தை எதிர்முனைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பதுதான் டச்டவுன். 1999-ல் கோப்பை. 2000 சீசன் முடிந்ததும் அணியை அப்படியே இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேயும் 2004-ஓடு முடிந்துபோனது.

2002-ல் இரண்டாம் நிலை லீக்கில் காங்க்வெஸ்ட் என்று வேறொரு அணி வந்தது. 2009-ல் பழைய பாசத்துக்காக ஃபயர்பேர்ட்ஸ் என்று பெயரை மாற்றினார்கள். அந்த ஆண்டோடு அந்த லீக்கே போனது.

அப்புறம் எட்டு வருடம் ஒன்றுமில்லை. 2018-ல் ஏ.எஃப்.எல். மெலிந்து ஆல்பனி, பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் என்று நான்கே அணிகளோடு நின்றபோது எம்பயர் பிறந்தது. முதல் ஆண்டு பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் இரண்டு ஆட்டப் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் முறையில் வாஷிங்டனிடம் தோற்றோம். லீக் சுற்றில் பன்னிரண்டு ஆட்டத்தில் இரண்டே வென்ற அந்த வாஷிங்டன் கோப்பையையும் தூக்கியது. 2019 ஆகஸ்ட் 11-ல் நம் முறை. சொந்த அரங்கில் 12,000-க்கு மேல் கூட்டம், பிலடெல்பியாவை 45-27 என்று வீழ்த்தினோம். அன்று இரவு தொண்டை கட்டி எனக்கு இரண்டு நாள் பேச்சு வரவில்லை. நவம்பர் கடைசியில் லீக் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டது.

2021-ல் நேஷனல் அரீனா லீக் என்ற வேறொரு சிறிய லீக்கில், வேறு முதலாளிகளோடு, எம்பயர் என்ற பெயர் திரும்பி வந்தது. 2021, 2022 இரண்டிலும் கோப்பை. 2023 ஜூனில் லீக்கே வெளியேற்றியது. 2024-ல் மறுபடி ஃபயர்பேர்ட்ஸ்.

ஆக, ஊர் ஒன்று, அரங்கு ஒன்று, பெயர்கூடச் சில சமயம் ஒன்று. பின்னால் இருக்கும் கம்பெனி ஒவ்வொரு முறையும் வேறு. லீக்கும் வேறு. பெயரைப் பார்த்து நம்பாதீர்கள், பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இதை இன்றைக்கு நான் இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சி மலைக்கோட்டை: ரக்பியை உள்ளே வைத்து ஆடுகிறார்களா?

ஓசூரானுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மதுரை வாசகர்: ஆல்பனி பேந்தர்ஸ் என்ற அணியும் இரண்டு கோப்பை வென்றதாகப் படித்தேன். அதைச் சேர்க்கவில்லையே?

அது ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள இன்னொரு ஆல்பனி. எங்களுக்கும் அதற்கும் ஆயிரம் மைல் தூரம். சொன்னேன் அல்லவா, பெயரைப் பார்த்து நம்பக் கூடாது.

நெல்லைக்காரன்: 2023-ல் என்ன நடந்தது? அன்டோனியோ பிரவுன் பெயர் அடிபட்டதே, அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். மனது கனக்கும் கதை.

அன்டோனியோ பிரவுன் வேறு யாருமில்லை, 'டச்டவுன் எடி'யின் மகன். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு 2010 முதல் 2018 வரை ஆடியவர். ஒரு காலத்தில் பெரிய மைதான ஆட்டத்தின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்.-லேயே அவரளவுக்குப் பந்தைப் பிடிக்க ஆள் இல்லை என்று சொல்லலாம். பிறகு டாம்பா பே அணியோடு, அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வென்றார். 2022 ஜனவரி 2-ம் தேதி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சட்டையைக் கழற்றிவிட்டு மைதானத்தை விட்டு நடந்தார் அல்லவா, அவரேதான். அதோடு அவருடைய என்.எஃப்.எல். வாழ்க்கை முடிந்தது.

2023 மார்ச்சில் அவர் எம்பயரில் பங்குதாரராகிறார் என்று அறிவித்தார்கள். முதலில் ஏறக்குறையப் பாதி. சில வாரங்களில் ஏறக்குறைய முழு அணியும் அவர் கைக்குப் போனது. அப்பா எடிக்கும் நிர்வாகத்தில் பதவி. இந்த ஊர்க்காரர்களின் சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா கட்டிய பெயருக்கு மகன் திரும்பி வருகிறான், இதைவிட என்ன வேண்டும்? நானும் நம்பினேன்.

ஏப்ரலில் சீசன் தொடங்கியது. கொஞ்ச நாளில் சம்பளம் சரியாக வரவில்லை என்று ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் பேசியது செய்தியானது. முந்தைய ஆண்டு கோப்பை வென்ற தலைமைப் பயிற்சியாளர் டேமன் வேர் மே மாதமே வெளியே. அவருக்குப் பிறகு பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். தானே களத்தில் இறங்கப்போவதாக பிரவுன் அறிவித்தார். ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஏழு ஆட்டத்தில் ஒரே வெற்றி.

லீக்கில் ஒவ்வொரு அணியும் மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். மே மாதத் தொகை வரவில்லை. லீக்குக்கு எதிராகப் பொதுவில் பேசியதற்காக 1,000 டாலர் அபராதம் போட்டார்கள், அதுவும் வரவில்லை. ஜூன் 15-ம் தேதி மற்ற அணிகளின் முதலாளிகள் அவசரமாக ஃபோனில் கூடி, எம்பயரின் உறுப்பினர் உரிமையை ரத்து செய்தார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை சாம்பியன், சீசனின் நடுவில் இல்லாமல் போனது.

டொராண்டோ தமிழன்: அண்ணை, அப்போது ஒரே ஆள்தான் காரணம். அவர் வந்தார், அணி போனது. இதற்கு ஏன் முப்பது வருட வரலாறு?

தம்பி, அவர் பொறுப்பு பெரிது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒருவரில் கதையை முடித்தால் 2000-ம், 2009-ம், 2019-ம் எப்படி என்று சொல்ல முடியாது. அப்போதெல்லாம் அவர் இந்தப் பக்கமே இல்லையே.

ஊரில் ஏலச்சீட்டு போடுவோம் இல்லையா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய லீக் என்பது ஏழெட்டுப் பேர் சேர்ந்து போட்ட சீட்டு. ஒருவர் பணம் கட்டாமல் போனால் மற்றவர்களுக்கு வரவேண்டிய பணம் குறைவதோடு நிற்காது. அவர்களோடு ஆடவேண்டிய ஆட்டமும் போய்விடும். சொந்த ஊரில் ஒரு ஆட்டம் ரத்தானால் அந்த வார டிக்கெட் பணம், தின்பண்டக் கடைப் பணம், விளம்பரப் பணம் எல்லாம் சேர்ந்து போகும். 2023-ல் நேஷனல் அரீனா லீக்கில் இருந்தவை மொத்தம் ஏழு அணிகள். ஆல்பனி போனதும் ஆறு. அடுத்த ஆண்டு ஜாக்சன்வில்லும் சான் அன்டோனியோவும் இண்டோர் ஃபுட்பால் லீக்குக்குப் போய்விட்டன.

ஊரில் சீட்டு சேர்க்கும்போது ஆளின் நாணயத்தை விசாரிப்போம். இங்கே லீக்குகளுக்கு எப்போதும் அணி எண்ணிக்கையில் பயம். அணிகள் குறையக் குறைய அட்டவணை போடுவதே பெரும்பாடு. எனவே பணம் காட்டுகிற ஆளைக் கதவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் தைரியம் வருவதில்லை.

சேலம் மாங்கனி: ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு சம்பளம்? கோடிகளில்தானே?

இல்லை அம்மா. ஒரு ஆட்டத்துக்குச் சில நூறு டாலர், அவ்வளவுதான். 2009-ல் மூடி 2010-ல் மீண்டும் தொடங்கிய ஏ.எஃப்.எல்.-லில்கூட ஆட்டத்துக்கு 400 டாலர். அதைவிடச் சிறிய லீக்குகளில் இன்னும் குறைவு. தங்க ஒரு அறை, சாப்பாட்டுக்குக் கூப்பன், இதுதான் கூடுதல். பெரும்பாலானோர் பகலில் ஜிம்மில், கிடங்கில், பள்ளியில் வேலை பார்ப்பார்கள். சம்பளம் ஒரு வாரம் தவறினாலும் அவர்களுக்கு அது வாடகை தவறுவதுதான். 2023-ஐ நினைத்தால் எனக்கு முதலில் வருத்தம் அவர்களுக்காகத்தான். அணி போனதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 2012 மார்ச்சில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் என்றதும், ஆர்லாண்டோவில் ஆட்டத்துக்கு முன் சாப்பிட உட்கார்ந்திருந்த பிட்ஸ்பர்க் அணியினரை அந்த உணவகத்திலேயே முதலாளி வேலையிலிருந்து நீக்கினார். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி, தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது.

டொராண்டோ தமிழன்: சீட்டுக் கதை சரி. ஆனால் பிரபலங்களிடம் அணியைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். லாஸ் வேகஸில் ராக் பாடகர், லாஸ் ஏஞ்சலிஸில் கிஸ் இசைக்குழு. எல்லாம் போனதுதானே?

வேகஸ் 2015-ல் ஒரே சீசனோடு போனது, உண்மை. நீங்கள் சொன்ன பாடகர் வின்ஸ் நீலின் அணியை லீக்கே எடுத்துக்கொண்டு, பிளே ஆஃப் வருவதற்குள் கலைத்துவிட்டது. கிஸ் அணி 2014 முதல் 2016 வரை, மூன்று சீசன். ஆனால் ஜான் பான் ஜோவியை மறந்துவிட்டீர்கள். அவரும் ஒரு பங்குதாரராக 2004-ல் தொடங்கிய பிலடெல்பியா சோல், முறையாக நடந்த அணி. 2008-ல் கோப்பையும் வென்றது. அந்த டிசம்பரில் லீக் 2009 சீசனையே ரத்து செய்தது. 2009 ஆகஸ்டில் திவால். பாடகர் ஒழுங்காக நடத்தினார், லீக் கவிழ்ந்தது.

பிரபலமா இல்லையா என்பதைவிட, மூன்று வருட நஷ்டத்தைத் தாங்கும் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தாரா என்று கேளுங்கள். முதல் வருடமே டிக்கெட் பணத்தில் செலவை ஓட்டலாம் என்று வருபவர், பாடகரானாலும் பல் டாக்டரானாலும் ஜூன் மாதத்தில் மாட்டிக்கொள்வார்.

விருதுநகர் வியாபாரி: அப்படி என்ன செலவு? பத்து இருபது பேர், ஒரு பஸ், ஒரு பந்து.

வியாபாரி கேட்கவேண்டிய கேள்வி. அரங்கு வாடகை ஒவ்வொரு இரவுக்கும். பச்சைக் கம்பளம், சுவர் மெத்தை, வலை எல்லாம் சொந்தமாக வாங்க வேண்டும், ஹாக்கி ஐஸின் மேல் பலகை போட்டு விரிக்க ஆள் வேண்டும். நடுவர்கள், ஆம்புலன்ஸ், பஸ் அல்லது விமானம், இருபதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு அறை. இவையெல்லாம் கணக்கில் தெரியும் செலவுகள்.

தெரியாமல் கழுத்தை நெரிப்பது தொழிலாளர் காயக் காப்பீடு. வேலையில் அடிபட்டவருக்கு மருத்துவச் செலவும் வருமானமும் தரும் கட்டாய இன்ஷூரன்ஸ். எந்த வேலையில் எவ்வளவு அடிபடுவார்கள் என்று பார்த்துத்தான் பிரீமியம். இந்த ஆட்டத்தில் வாராவாரம் முட்டி, தோள், விரல். அதோடு அது வருடங்கள் கழித்தும் துரத்தும், ஏனென்றால் பழைய காயத்துக்கான கோரிக்கைகள் தாமதமாக வரும். 2019-ல் ஏ.எஃப்.எல். திவாலானபோது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று, பழைய இன்ஷூரன்ஸ் நிறுவனம் பல மில்லியன் டாலர் கேட்டுப் போட்ட வழக்கு. ஆல்பனியில் கூட்டம் நிரம்பி வழிந்த அதே ஆண்டு அது. நாங்கள் அரங்கை நிரப்பினோம், எங்களுக்குத் தெரியாத பழைய கணக்கு ஒன்று லீக்கை விழுங்கியது.

சிகாகோ சங்கர மடம் தெரு: கூட்டம் வந்திருந்தால் ஏன் மூடுகிறார்கள்? ஊரில் ஆதரவு இல்லை என்பதே என் எண்ணம்.

முந்தைய பதிலின் கடைசி இரண்டு வரிகளைத் தயவுசெய்து படியுங்கள். 12,000 பேர்.

தஞ்சை டெல்டா: கால்பந்து என்கிறீர்கள், மெஸ்ஸி இதில் ஆடுவாரா?

மாட்டார். இது அந்த ஆட்டம் இல்லை. முதல் பதில்.

கோவை வாசகி: இந்த லீக்கிலிருந்து பெரிய இடத்துக்குப் போனவர்கள் உண்டா?

உண்டு, கர்ட் வார்னர். என்.எஃப்.எல். அணியில் இடம் கிடைக்காமல் அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவில் அலமாரி அடுக்கிக்கொண்டிருந்தவர். மணிக்கு 5.50 டாலர். 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற அரீனா அணியின் க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். குறுகிய மைதானத்தில் கண்மூடித் திறப்பதற்குள் பந்தை எறியவேண்டிய பழக்கம் அவரைச் செதுக்கியது என்பது என் உறுதியான எண்ணம். 2000 ஜனவரியில் செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு சூப்பர் பௌல் வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரரும் ஆனார். 2017-ல் ஹால் ஆஃப் ஃபேம். இவரைக் காட்டித்தான் இன்றைக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன்களைச் சில நூறு டாலருக்குக் கூப்பிடுகிறார்கள். வார்னர் ஒருவர்தான் அம்மா. வீடு திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில்.

கொழும்பு வாசகர்: எங்கள் நாட்டில் இந்த ஆட்டம் நடந்ததாக ஞாபகம். அது இதுதானா?

உள்ளரங்க வடிவம் இல்லை, பெரிய மைதான ஆட்டம். எலீட் ஃபுட்பால் லீக் ஆஃப் இண்டியா 2012-ல் தன் முதல் சீசனைக் கொழும்பில் ஆடிப் பதிவு செய்தது. கொழும்பு லயன்ஸ் என்று ஒரு அணியும் இருந்தது. அதில் பணம் போட்டவர்களில் மேலே சொன்ன கர்ட் வார்னரும் ஒருவர்.

பெங்களூர் பொறியாளர்: இந்த வாரம் எந்த அணி மேல் பந்தயம் கட்டலாம்?

அது என் வேலை இல்லை. வேறு இடத்தில் கேளுங்கள்.

நியூஜெர்சி ராஜபாட்டை: நானும் ஆல்பனிக்கு வீடு மாறுகிறேன். குடும்பத்தோடு பார்க்கலாமா? சீசன் டிக்கெட் வாங்கலாமா?

கட்டாயம் பாருங்கள். அரங்கின் இன்றைய பெயர் எம்.வி.பி. அரீனா. நிக்கர்பாக்கர், பெப்சி, டைம்ஸ் யூனியன் என்று ஏற்கெனவே மூன்று பெயர் வைத்தாகிவிட்டது, வழி கேட்டால் வயதானவர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். குழந்தைகளுக்குக் காதில் பஞ்சு கொண்டுபோங்கள், சத்தம் அதிகம். முதல் வரிசை வேண்டாம், கைக்குழந்தை இருந்தால் நிச்சயம் வேண்டாம்.

சீசன் டிக்கெட்டா, ஒவ்வொரு ஆட்டமாகவா? எந்தச் சிறிய லீக் அணியாக இருந்தாலும் ஒவ்வொரு ஆட்டமாக வாங்குங்கள் என்பேன். முழுப் பணம்தான் கட்ட வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். ஆட்டம் நடக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க அங்கே ஒரு வழியாவது இருக்கும். வேறு ஊரில் வேறு விளையாட்டு அணி ஒன்றுக்கு முன்பணம் ரொக்கமாகக் கட்டிவிட்டு, பாதிக்கு மேல் இழந்தவன் நான்.

டல்லாஸ் தம்பி: 2024-ல் ஏ.எஃப்.எல். பழைய பெயரில் திரும்ப வந்ததே, அது பழைய லீக்தானே?

தம்பி, உனக்குமா? பெயர் மட்டும்தான் பழையது. 1987-ல் தொடங்கிய லீக் 2009-ல் ஒருமுறை திவால், அந்தப் பெயரை ஏலத்தில் எடுத்தவர்கள் 2010-ல் தொடங்கியது 2019-ல் மறுபடி திவால். 2024-ல் வந்தது மூன்றாவது கம்பெனி. பதினாறு அணிகளோடு ஏப்ரல் கடைசியில் தொடங்கினார்கள். சில வாரங்களுக்குள் அணிகள் உதிர ஆரம்பித்தன. வாக்களித்த பணம் லீக்கிலிருந்து வரவில்லை என்று முதலாளிகள் புகார். மே மாதம் லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனரை இறக்கிவிட்டு, என்.எஃப்.எல்.-லில் பயிற்சியாளராக இருந்த ஜெஃப் ஃபிஷரை இடைக்கால கமிஷனராக உட்கார வைத்து, மிஞ்சிய அணிகளை வைத்துச் சீசனை முடித்தார்கள். இறுதிப் போட்டி நியூஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் நடந்தது. அதில் ஆல்பனி, பில்லிங்ஸ் அணியிடம் 46-41 என்று தோற்றது.

டொராண்டோ தமிழன்: அண்ணை, கடைசியாக ஒன்று. லீக்கின் அமைப்பு பலவீனம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பலவீனமான வீட்டில் தூணை இடித்தவனுக்குப் பங்கே இல்லையா? 2022-ல் அதே லீக்கில்தான் கோப்பை வென்றீர்கள்.

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வைத்தது. நீங்கள் சொல்வது சரி. அதே லீக்கில், அதே செலவில், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் கடைசி ஆட்டம் வரை அணியைக் கொண்டுபோனார்கள். எனவே 2023-ஐப் பொறுத்தவரை மாதத் தொகை கட்டாததும், ஆட்கள் போகும்படி விட்டதும் நடத்தியவரின் பொறுப்புதான். அமைப்பைக் காட்டி நான் அதைக் குறைத்துப் பேசியிருந்தால் திருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவரிடம் விற்றவர்களும், விற்பனையை ஏற்றுக்கொண்ட லீக்கும் அந்த மார்ச் மாதத்தில் என்ன விசாரித்தார்கள்? சட்டையைக் கழற்றிவிட்டு நடந்ததை உலகமே டிவியில் பார்த்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. எடியின் மகன் என்ற ஒரே காரணத்தால் ஊரில் நாங்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. இங்கேயும் பெயரைப் பார்த்துத்தான் நம்பினோம்.

திண்டுக்கல் பூட்டு: ரக்பிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான்காவது முறை. மேலே இருக்கிறது.

நெல்லைக்காரன்: 2023-ல் வெளியே போன அந்தப் பயிற்சியாளர், ஆட்டக்காரர்கள் என்ன ஆனார்கள்?

டேமன் வேர் 2024-ல் புது ஃபயர்பேர்ட்ஸுக்குத் தலைமைப் பயிற்சியாளராக அதே அரங்குக்குத் திரும்பி வந்தார். எம்பயரின் க்வார்ட்டர்பேக் சாம் காஸ்ட்ரோனோவாவும் வந்தார். முதல் ஆண்டு மாலுக்குள் நடந்த அந்த இறுதிப் போட்டியில் தோல்வி. அந்த லீக்கும் போய், மிஞ்சிய அணிகள் அரீனா ஃபுட்பால் ஒன் என்று புதிதாகச் சேர்ந்தன. 2025 ஜூலையில் அதன் முதல் கோப்பையை ஆல்பனிதான் வென்றது, நாஷ்வில்லைத் தோற்கடித்து.

ஆட்டம் முடிந்ததும் ஆட்கள் கீழே இறங்கி அந்தப் பச்சைக் கம்பளத்தில் நடந்தோம். எனக்குப் பக்கத்தில் பழைய ஃபயர்பேர்ட்ஸ் சட்டை போட்ட ஒரு பெரியவர், 1999-லும் இங்கேதான் நின்றேன் என்றார். அடுத்த வருடம் ஆட்டம் இருக்குமா என்று என் மகன் அவரிடம் கேட்டான். இருந்தால் வருவேன் என்றார்.